சட்டமன்ற உறுப்பினர் லிங்கன்

தேர்தல் காலம் நெருங்கிவிட்டால், நம் தொகுதி உறுப்பினர் இதுகாறும் நமக்கு என்ன செய்தார் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகிறோம். சாலை வந்ததா, குடிநீர்க் குழாய் வந்ததா, ஊருக்குப் பேருந்து வந்ததா, உயர்நிலைப் பள்ளி கிடைத்ததா என்பவையே அக்கணக்கின் வரிகள். இவை வேண்டாதவை என்று எவரும் சொல்லார். ஆயினும் இவற்றோடு சேர்த்துக் கேட்கவேண்டிய மற்றொரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அவையிலுள்ள பெரும்பான்மையோர் ஓர் அநீதிக்கு ஆதரவாகக் கை உயர்த்தியபோது, நம் உறுப்பினரின் கை எங்கே இருந்தது என்பதே அக்கேள்வி.

இவ்விரு கேள்விகளையும் ஒருசேர எண்ணிப் பார்க்க உதவும் வாழ்க்கை ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக 1861 முதல் 1865 வரை விளங்கிய ஆபிரகாம் லிங்கனை நாம் யாவரும் அறிவோம். மரக்கட்டைக் குடிசையில் பிறந்தவர், அடிமைகளை விடுவித்தவர், துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர் என்று பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆனால், அவர் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் எட்டு ஆண்டுகள் சாதாரண உறுப்பினராக அமர்ந்திருந்தார் என்பதையோ, அங்கே அவர் செய்தது என்ன, தவறவிட்டது என்ன என்பதையோ நம்மில் பலர் அறிந்திலர். அவ்வெட்டு ஆண்டுகளையே இக்கட்டுரையில் காண்போம்.

தோல்வியில் தொடங்கியது

லிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளிக்குச் சென்ற நாட்களையெல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. 1831இல் இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்னும் சிற்றூருக்குத் தனியாளாக வந்து சேர்ந்து, ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்தார். இல்லினாய், அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு மாநிலமாகச் சேர்ந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஊருக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள், 1832 மார்ச் மாதம், சட்டமன்றத்திற்குத் தாம் போட்டியிடப் போவதாக லிங்கன் ஓர் அறிக்கை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 23. அவ்வறிக்கையில் அவர் பேசியவை மூன்று: சங்கமன் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாகச் செப்பனிடவேண்டும், வரம்பு மீறிய வட்டி வாங்குவதைச் சட்டத்தால் தடுக்கவேண்டும், ஒவ்வொரு மனிதனுக்கும் தன் நாட்டு வரலாற்றைப் படித்தறியும் அளவுக்கேனும் கல்வி கிடைக்கவேண்டும். தமக்குச் செல்வரோ உறவினரோ பரிந்துரைக்க இல்லை என்றும், சக மனிதரின் மதிப்புக்குத் தகுதியுடையவராகித் தம்மை அவர்கள் மெய்யாகவே மதிக்கும்படி வாழ்வதே தம் ஆசை என்றும் அவர் எழுதினார்.

இடையில் பிளாக் ஹாக் என்னும் செவ்விந்தியத் தலைவருக்கு எதிரான போர் மூண்டது. லிங்கன் தொண்டர் படையில் சேர்ந்து சில மாதங்கள் பணியாற்றித் திரும்பியபோது, பிரசாரம் செய்ய இரண்டொரு வாரங்களே எஞ்சியிருந்தன. ஆகஸ்டு மாதத் தேர்தலில் 13 வேட்பாளருள் எட்டாம் இடத்தையே பெற்றார். எனினும், அவரை நேரில் அறிந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் ஏறக்குறைய 300 வாக்குகளில் 277 வாக்குகள் அவருக்கே விழுந்தன. மக்கள் நேரடியாக வாக்களித்த தேர்தலில் அவர் தோற்றது அந்த ஒரு முறைதான்.

அடுத்து அவர் கூட்டாகத் தொடங்கிய கடையும் நொடித்தது. கூட்டாளி இறந்துவிட, அவர் பங்குக் கடனும் லிங்கனின் தலையில் விழுந்தது. ஊரைவிட்டு ஓடிப்போய்க் கடனிலிருந்து தப்பியவர் அந்நாட்களில் பலர் உண்டு. லிங்கன் ஓடவில்லை. போஸ்ட்மாஸ்டராகவும் நில அளவையாளராகவும் வேலை பார்த்து, பல ஆண்டுகள் முயன்று அக்கடனைத் தீர்த்தார். அஞ்சலைக் கொண்டு கொடுப்பதற்கும் நிலத்தை அளப்பதற்கும் வீடு வீடாகச் சென்றதில் மாவட்டமெங்கும் அவரை மக்கள் அறிந்துகொண்டனர்.

1834 ஆகஸ்டில் மீண்டும் போட்டியிட்டார். சங்கமன் மாவட்டத்துக்குரிய நான்கு இடங்களுக்கு 13 பேர் நின்றனர். லிங்கன் 1,376 வாக்குகளுடன் இரண்டாவதாக வந்து வெற்றி பெற்றார். மன்றத்துக்கு உடுத்திச் செல்ல நல்ல உடை இல்லை. அயலார் ஒருவரிடம் 200 டாலர் கடன் பெற்று, அதில் ஒரு பகுதியைக் கொண்டு உடை தைத்துக்கொண்டு, அன்றைய தலைநகரான வண்டேலியாவுக்குக் குதிரைக் கோச்சு வண்டியில் புறப்பட்டார்.

வண்டேலியாவில் கற்ற பாடம்

வண்டேலியா அந்நாளில் ஒரு சிறு நகரம். சட்டமன்றக் கட்டடமோ பழுதுற்று, கூரைப் பூச்சு உதிர்ந்து உறுப்பினர் மேசைமீது விழும் நிலையில் இருந்தது. கீழவையில் 55 உறுப்பினர். மேலவையில் 26 பேர். உறுப்பினருக்கு அவை கூடும் நாட்களுக்கு மட்டும் நாளொன்றுக்கு 3 டாலர் படி வழங்கப்பட்டது. மாதச் சம்பளம் என்பது இல்லை. ஆதலின் மற்ற நாட்களில் உறுப்பினர் யாவரும் தத்தம் தொழிலைப் பார்த்தே பிழைக்கவேண்டும்.

முதல் கூட்டத்தொடரில் லிங்கன் மிகுதியாகப் பேசவில்லை. சால்ட் கிரீக் என்னும் ஓடையின் குறுக்கே சுங்கப் பாலம் கட்ட அனுமதிக்கும் மசோதா போன்ற சிறுசிறு காரியங்களையே கொண்டுவந்தார். ஆனால் அவையின் நடைமுறைகளை ஊன்றிக் கவனித்தார். எழுத்துத் தெளிவுடையவராதலால், மற்ற உறுப்பினர்கள் தங்கள் மசோதாக்களை எழுதித் தரும்படி அவரை நாடினர். சக உறுப்பினரும் வழக்கறிஞருமான ஜான் ஸ்டூவர்ட் சட்டம் பயிலும்படி அவரை ஊக்கித் தம் நூல்களையும் இரவல் கொடுத்தார். ஆசிரியரின்றித் தாமே படித்து, 1836இல் வழக்கறிஞராகும் உரிமம் பெற்றார் லிங்கன். சட்டம் இயற்றப் போனவர் சட்டத்தைக் கற்கவேண்டும் என்று உணர்ந்தது, இன்றைக்கும் கருதத்தக்க ஒரு செய்தி.

1836 தேர்தலில் சங்கமன் மாவட்டத்துக்கு ஏழு இடங்கள். 17 வேட்பாளருள் லிங்கனே முதலாவதாக வந்தார். இரு மேலவை உறுப்பினரையும் சேர்த்து அம்மாவட்டத்தார் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் ஆறடிக்குக் குறையாத உயரம் என்பதால் அவர்களை 'நெடிய ஒன்பதின்மர்' என்று அழைத்தனர். அவர்களுள்ளும் நெடியவர் ஆறடி நான்கங்குலம் உயர்ந்த லிங்கன்.

தொகுதிக்குக் கிடைத்தவை

ஒன்பதின்மருக்கும் தொகுதி மக்கள் இட்ட கட்டளை ஒன்றே: தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்பீல்டு நகருக்குக் கொண்டுவர வேண்டும். தலைநகர் வந்தால் நிலத்தின் விலை ஏறும், வாணிகம் பெருகும், வழக்கறிஞருக்கும் விடுதிக்காரருக்கும் வேலை கிடைக்கும். இதை உணர்ந்த வண்டேலியா மக்கள், தலைநகரைத் தக்கவைத்துக்கொள்ளத் தங்கள் பொறுப்பிலேயே 1836இல் புதிய மன்றக் கட்டடம் ஒன்றை அவசர அவசரமாக எழுப்பியிருந்தனர். பயன் இல்லை. 1837 பிப்ரவரி 28ஆம் நாள் இரு அவைகளும் கூடி வாக்களித்தபோது, நான்காம் சுற்றில் ஸ்பிரிங்பீல்டு 73 வாக்குகள் பெற்று வென்றது. வண்டேலியாவுக்குக் கிடைத்தவை 16 வாக்குகளே. இதற்காகத் திட்டமிட்டு உழைத்து, ஆதரவு திரட்டியவருள் தலையாயவர் லிங்கன்.

அதே கூட்டத்தொடரில் மற்றொரு பெருந்திட்டமும் நிறைவேறியது. மாநிலமெங்கும் இருப்புப்பாதைகள் போடவும், ஆறுகளைச் செப்பனிடவும் ஒரு கோடி டாலருக்கு மேல் கடன் வாங்குவதென்று மன்றம் முடிவு செய்தது. இருப்புப்பாதை செல்லாத மாவட்டங்கள் மனக்குறை கொள்ளாதிருக்க, அவற்றுக்கென்று 2 லட்சம் டாலர் பகிர்ந்து அளிக்கவும் வகை செய்யப்பட்டது! மாநிலத்தின் மக்கள் தொகையோ ஐந்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. வருவாய் எங்கிருந்து வரும், வட்டியை யார் கட்டுவார் என்று நிதானமாகக் கேட்டவர் சிலரே. நிதிக் குழுவில் இருந்த லிங்கன் கேட்கவில்லை, ஆர்வத்தோடு ஆதரித்தார்.

தலைநகருக்கு வாக்குப் பெறுவதற்காகவே ஒன்பதின்மர் ஊர் ஊராக இருப்புப்பாதைகளை வாக்களித்தனர் என்று அக்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் இதனை மறுக்கின்றனர். பேரம் நடந்ததோ இல்லையோ, முடிவு என்னவோ ஒன்றுதான். சட்டம் நிறைவேறிச் சில மாதங்களுக்குள் நாடெங்கும் பெரும் பணமுடை ஏற்பட்டது, வங்கிகள் நிலைகுலைந்தன. பாதிப் பாதைகள் மண்மேடாகவே நின்றுபோயின. 1842இல் முடிவுற்ற ஒரே இருப்புப்பாதை ஸ்பிரிங்பீல்டு வரை வந்து சேர்ந்தது. அதுவும் நட்டத்தில் ஓடி, 1847இல் 21,100 டாலருக்கு விற்கப்பட்டது. கடனோ ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்கு வளர்ந்து, மாநிலம் வட்டிகூடக் கட்டமுடியாமல் தவித்தது. அக்கடன் முற்றிலும் தீர்வதற்கு 1880களின் தொடக்கம்வரை ஆயிற்று. அன்று கை உயர்த்தியவருள் பெரும்பாலோர் அதற்குள் கல்லறையில் துயின்றுகொண்டிருந்தனர். அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அக்கடனைக் கட்டினர்.

பெரியோரைப் பற்றி எழுதும்போது இத்தகைய செய்திகளை மறைத்துவிடுவது நம்மிடையே வழக்கம். மறைப்பதால் அவர்தம் பெருமை வளர்வதில்லை. நல்லெண்ணம் உடைய ஒருவரும், தம் தொகுதிக்கு நன்மை தேடும் வேகத்தில், வருந்தலைமுறையின் தோளில் சுமையை ஏற்றிவிடக் கூடும் என்பதை லிங்கனின் இந்தப் பக்கம் நமக்குக் காட்டுகிறது.

எழுபத்தேழு பேருக்கு எதிரே ஆறு பேர்

அதே கூட்டத்தொடரில், இருப்புப்பாதை ஆரவாரத்துக்கு நடுவே, மற்றொரு தீர்மானமும் அவைக்கு வந்தது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கவும் வாங்கவும்பட்டனர். இக்கொடுமையை ஒழிக்கவேண்டும் என்று வடக்கே சங்கங்கள் தோன்றியிருந்தன. அவற்றின் வளர்ச்சியைக் கண்டு கலங்கிய தென்மாநிலச் சட்டமன்றங்கள், இச்சங்கங்களைக் கண்டிக்குமாறு மற்ற மாநிலங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பின. இல்லினாய் ஆளுநர் அவற்றை மன்றத்தின் முன் வைத்தார்.

இல்லினாய் அடிமைமுறை இல்லாத மாநிலமே. ஆயினும் அங்கே குடியேறியவருள் பலர் கென்டக்கி போன்ற தென்மாநிலங்களிலிருந்து வந்தவர். கறுப்பின மக்களைப் பல வகையிலும் ஒடுக்கும் சட்டங்கள் அங்கேயும் இருந்தன. அடிமை ஒழிப்பைப் பேசுபவன் நாட்டைப் பிளப்பவன் என்பதே பெரும்பாலோர் எண்ணம். எனவே மன்றம், அடிமை ஒழிப்புச் சங்கங்களைத் தான் வன்மையாக வெறுப்பதாகவும், அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் உரிமை அடிமைமுறை நிலவும் மாநிலங்களுக்கு அரசியல் சட்டத்தால் அளிக்கப்பட்ட புனித உரிமை என்றும், தலைநகர் வாஷிங்டன் அடங்கிய கொலம்பியா மாவட்டத்தில் குடிமக்களின் இசைவின்றி மத்திய அரசு அடிமைமுறையை ஒழிக்கலாகாது என்றும் தீர்மானம் இயற்றியது.

1837 ஜனவரி 20ஆம் நாள் கீழவையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 77. எதிர்ப்பு 6. அந்த அறுவருள் ஒருவர் லிங்கன். அப்போது அவருக்கு வயது 27.

வாக்களித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. கூட்டத்தொடர் முடிவதற்கு மூன்று நாட்கள் முன்னதாக, மார்ச் 3ஆம் நாள், தம் மறுப்பை எழுதி அவைக் குறிப்பேட்டில் பதிவு செய்யுமாறு கொடுத்தார். உடன் கையொப்பமிடத் துணிந்தவர் ஒரே ஒருவர்: ஒன்பதின்மருள் ஒருவராகிய டான் ஸ்டோன் என்னும் வழக்கறிஞர். எதிர்த்து வாக்களித்த மற்ற நால்வரும் அதில் சேரவில்லை.

அக்குறிப்பின் சாரம் இது: அடிமைமுறை அநீதியின் மீதும் தீய கொள்கையின் மீதும் நிறுவப்பட்டது. ஆயினும் ஒழிப்புக் கொள்கையைப் பரப்புவதனால் அதன் தீமைகள் குறைவதற்கு மாறாகப் பெருகவே செய்கின்றன. மாநிலங்களுக்குள் நிலவும் அடிமைமுறையில் தலையிட மத்திய மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. கொலம்பியா மாவட்டத்தில் அதனை ஒழிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அம்மாவட்ட மக்கள் வேண்டிக்கொண்டாலன்றி அதனைச் செலுத்தலாகாது.

இதைப் படிக்கும் வாசகர் சிலருக்கு ஏமாற்றம் உண்டாகலாம். இதில் என்ன வீரம் இருக்கிறது? அடிமை ஒழிப்பாளரையும் ஒரு வார்த்தை குறை சொல்லித்தானே இருக்கிறார்? உண்மைதான். தலைநகர் ஸ்பிரிங்பீல்டுக்கு உறுதியான பின்னரே அவர் இக்குறிப்பைக் கொடுத்தார் என்பதையும் வரலாற்றாசிரியர் சுட்டிக்காட்டுகின்றனர். எல்லாரும் சமமாக வாக்களிக்கவேண்டும் என்று அவர் அந்நாளில் கேட்கவுமில்லை. 1836இல் விடுத்த தேர்தல் அறிக்கையில், வரி செலுத்தும் அல்லது படைக்கலம் ஏந்தும் வெள்ளையர் அனைவருக்கும், பெண்களை விலக்காமல், வாக்குரிமை வேண்டும் என்றார். கறுப்பினத்தாரை அவர் அதில் சேர்க்கவில்லை. அவர் தம் காலத்தின் எல்லைக்குள் நின்ற மனிதர்.

ஆனால் நாம் மறவாதிருக்கவேண்டியது ஒன்று உண்டு. அக்குறிப்பின் முதற் கூற்றைச் சொல்லாமல் விட்டிருந்தால் லிங்கனுக்கு எந்த இழப்பும் நேர்ந்திராது. எழுதியதால் ஒரு வாக்கும் கூடப்போவதில்லை; குறையவே கூடும். அவருக்கு வாக்களித்தவருள் பெரும்பாலோர் அந்த 77 பேரின் கருத்தை உடையவரே. ஸ்டோன் மறுதேர்தலுக்கு நிற்கவில்லை. லிங்கனோ அடுத்த ஆண்டே அதே மக்களிடம் செல்லவேண்டியவர். எந்த மன்றத்தில் அடிமைமுறை புனித உரிமை என்று எழுதப்பட்டதோ, அந்த மன்றத்தின் ஏட்டிலேயே அது அநீதி என்றும் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். அதுவே அவர்தம் மனச்சான்று இட்ட கட்டளை.

அக்கட்டளைக்கு விலை கொடுக்கவேண்டிய காலமாகவே அது இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், அதே இல்லினாய் மாநிலத்தின் ஆல்ட்டன் நகரில், அடிமைமுறையை எதிர்த்து இதழ் நடத்திய எலைஜா லவ்ஜாய் என்பவரை ஒரு வெறிக்கும்பல் சுட்டுக்கொன்றது. அவருடைய அச்சு இயந்திரங்களை முன்னரே பலமுறை உடைத்தெறிந்த கும்பல் அது. தம் 35ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன் அவர் உயிர் துறந்தார்.

1838 ஜனவரி 27ஆம் நாள் ஸ்பிரிங்பீல்டு நகர இளைஞர் மன்றத்தில் லிங்கன் ஆற்றிய உரை, கும்பலாட்சியைக் கண்டிக்கும் உரையாக அமைந்தது. இந்நாட்டுக்கு அழிவு வருமானால் அது வெளியிலிருந்து வராது, உள்ளிருந்தே வரும் என்றார். சட்டத்தை மதிக்கும் பண்பைத் தாய்மார் மடியில் தவழும் மழலைக்கு ஊட்டவேண்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் கற்பிக்கவேண்டும். பிரசங்க மேடையிலும் சட்டமன்றத்திலும் முழங்கவேண்டும் என்று வேண்டினார். ஒரு சட்டமன்ற உறுப்பினர், சட்டத்தின் வேரைத் தாயின் மடியில் தேடினார் என்பது குடும்பத்தார் நினைவில் கொள்ளத்தக்கது.

இறங்குமுகம்

1838இலும் 1840இலும் லிங்கன் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் சார்ந்த விக் கட்சி அவரைச் சபாநாயகர் பதவிக்கு நிறுத்தியது; ஆனால் ஜனநாயகக் கட்சி வேட்பாளரே வென்றார். இருப்புப்பாதைத் திட்டம் நொறுங்கிய பின்னும் அதனை எப்படியேனும் காப்பாற்ற அவர் முயன்றார். மத்திய அரசின் தரிசு நிலங்களை மலிவாக வாங்கி, கூடுதல் விலைக்கு விற்றுக் கடனை அடைக்கலாம் என்று ஒரு யோசனை கூறினார். அதுவும் நடைபெறவில்லை. 1840 தேர்தலில், தம் மாவட்டத்தில் வென்றவருள் மிகக் குறைந்த வாக்குகள் பெற்றவர் அவரே.

அவ்வாண்டு டிசம்பரில் நிகழ்ந்த ஒரு செய்தி நகைப்புக்கு இடமானது. புதிய மன்றக் கட்டடம் முடிவுறாததால் கீழவை ஓர் ஆலயக் கட்டடத்தில் கூடியது. மாநில வங்கிக்குப் பாதகமான ஒரு முடிவைத் தடுக்க, விக் கட்சியார் அவைக்கு வராமல் ஒதுங்கி நின்றனர். அவை நடத்தத் தேவையான எண்ணிக்கை கிடைத்துவிடும் என்று அஞ்சிய லிங்கனும் இன்னும் இருவரும், கதவு அடைபட்டிருந்தமையால் சன்னல் வழியே வெளியே குதித்தனர்! ஆனால் எண்ணிக்கை முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. குதித்ததால் பயன் ஒன்றும் விளையவில்லை. நெடிய கால்களை உடையவருக்குத் தரை தொலைவில் இல்லை என்று எதிர்க்கட்சி இதழ் கேலி செய்தது. இதைப் பற்றிப் பிறர் பேசுவதைப் பிற்காலத்திலும் லிங்கன் விரும்பவில்லை.

1842இல் அவர் போட்டியிடவில்லை. மாநிலச் சட்டமன்றத்தில் அவரது பணி அத்துடன் முடிவுற்றது. அன்று ஒருவர் அவரது எட்டாண்டுக் கணக்கை எழுதியிருந்தால், வரவில் ஒரு தலைநகரமும், செலவில் ஒரு பெருங்கடனும் இருந்திருக்கும். அவைக் குறிப்பேட்டில் இருந்த அந்தச் சிறு குறிப்பை எவரும் கணக்கில் சேர்த்திருக்கமாட்டார்.

ஏட்டில் கிடந்த வரிகள்

ஆனால் அவ்வரிகள் அழியவில்லை. 1854இல் புதிய பிரதேசங்களுக்கும் அடிமைமுறை பரவ வழிசெய்யும் சட்டம் ஒன்று மத்திய மன்றத்தில் நிறைவேறியபோது, வழக்கறிஞர் தொழிலில் ஆழ்ந்திருந்த லிங்கன் மீண்டும் பொதுவாழ்வுக்கு வந்தார். அவ்வாண்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு ஐந்தாம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும், மத்திய மேலவைக்குப் போட்டியிட வேண்டி, பதவி ஏற்காமலேயே விலகினார். அந்த முயற்சியில் தோற்றார். 1858இல் மீண்டும் முயன்று, ஸ்டீபன் டக்ளஸ் என்பவரிடம் தோற்றார். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் வண்டேலியாவில் அதே கீழவையில் உடன் உறுப்பினராக இருந்தவரே இந்த டக்ளஸ்.

1860இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நின்றபோது, தம் வாழ்க்கைக் குறிப்பை லிங்கன் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். அதில் 1837ஆம் ஆண்டின் அந்த மறுப்பைக் குறிப்பிட்டு, அடிமைமுறையைப் பற்றிய தம் நிலை அதில் சுருக்கமாகக் கூறப்பட்டுள்ளது என்றும், அது கூறும் அளவில் அன்றைய நிலையும் இன்றைய நிலையும் ஒன்றே என்றும் தெரிவித்தார். தலைநகரை மாற்றிய வெற்றியைவிட, தோற்றுப்போன அந்த வாக்கையே அவர் தம் அடையாளமாகக் காட்டினார்.

பின்னர் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 1862 ஏப்ரல் 16ஆம் நாள், கொலம்பியா மாவட்டத்தில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிங்கன் கையொப்பமிட்டார். 3,000க்கும் மேற்பட்ட மக்கள் விடுதலை பெற்றனர். அங்கே அடிமைமுறையை ஒழிக்க மத்திய மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 28 வயது இளைஞராக எழுதியவர், 25 ஆண்டுகள் கழித்து அவ்வதிகாரம் செயற்படும் சட்டத்தில் ஒப்பமிட்டார். மாவட்ட மக்கள் வேண்டிக்கொள்ளட்டும் என்று அவர் அன்று விதித்த நிபந்தனையைக் காலம் கடந்து சென்றுவிட்டது. 1863 ஜனவரி முதல் நாள் விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது.

1865 ஜனவரி 31ஆம் நாள், நாடெங்கும் அடிமைமுறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் மத்திய மன்றத்தில் நிறைவேறியது. அது செல்லுபடியாக மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும். மறுநாளே, பிப்ரவரி முதல் நாள், அத்திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்த முதல் மாநிலம் எது தெரியுமா? இல்லினாய்! 28 ஆண்டுகளுக்கு முன் எந்த மன்றம் 77 வாக்குகளால் அடிமையுடைமையைப் புனித உரிமை என்றதோ, அதே மன்றம் அதனை ஒழிப்பதில் நாட்டுக்கே முதலாவதாக நின்றது.

அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் லிங்கன் மறைந்தார். அவர் உடல் ஸ்பிரிங்பீல்டுக்குக் கொண்டுவரப்பட்டு, மே 3, 4 ஆகிய நாட்களில் சட்டமன்றக் கட்டடத்தின் கீழவை மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பல்லாயிரம் மக்கள் வரிசையில் நின்று இறுதி வணக்கம் செலுத்தினர். அந்தக் கட்டடம் அந்நகரில் எழுந்ததற்கே காரணராக இருந்தவர் அவர்.

வாசகர்களே, சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாழ்வை எடைபோடும்போது நாம் இரண்டு தட்டுகளையும் பார்க்கவேண்டும். தொகுதிக்குக் கிடைத்த சாலையும் பாலமும் ஒரு தட்டு. அவற்றுக்காக வாங்கிய கடனை யார் கட்டுவார் என்று கேட்பதும் அதனைச் சேர்ந்ததே. மறுதட்டில், பெரும்பான்மை ஒரு பக்கம் சாய்ந்தபோது நம் உறுப்பினர் நீதிக்காக எழுதி வைத்த வரி ஏதேனும் உண்டா என்று பார்க்கவேண்டும். அவ்வரி முழுமையானதாக இல்லாதிருக்கலாம். அச்சத்தோடு எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். வளரும் மனிதரின் வரி அப்படித்தான் இருக்கும்.

அத்தகைய உறுப்பினர் நமக்கு வாய்க்கவேண்டுமானால், வாக்களிக்கும் நாமும் அதற்குத் தகுதியுடையவராதல் வேண்டும். நமக்கு ஒன்றும் கொண்டுவராமல், நமக்கு அறிமுகமே இல்லாத மக்களுக்காக ஒருவர் தனித்து வாக்களித்துத் திரும்பினால், அவரை அடுத்த தேர்தலில் நாம் மீண்டும் அனுப்புவோமா? சங்கமன் மாவட்டத்து மக்கள், அந்த மறுப்பை ஒப்புக்கொள்ளாதவர்களாயினும், 1838இல் லிங்கனை மீண்டும் அனுப்பினார்கள். அவரை அவர்கள் நேரில் அறிந்திருந்தார்கள்; கடனைத் தீர்க்காமல் ஓடாதவர் என்பதையும் கண்டிருந்தார்கள். தேர்தலுக்கு முன் நம் வீடுகளில் பேசவேண்டிய பேச்சு இதுவே ஆகும்.